மூன்று வரை

பெயர் என்னவோ பலூச் பட்டாளம்.
பெயர்ப்பட்டியல் எழுதும் எனக்குத்தான் தெரியும்
எண்ணூற்றுச் சொச்சம் ஆட்களில்
பலூச்சி பதினொரு பேர் என்பது.
அதிலும் இருவர் ஓடிப்போனார்கள்,
கேப்டனின் ஒட்டகத்தோடு.

மிச்சமெல்லாம் மெஹ்சூத், அஃப்ரீதி,
உப்புமலைப் பக்கத்துப் பஞ்சாபிகள்.
சிந்துவை வெள்ளைக்காரன் பிடித்த புதிதில்
யார் வைத்த பெயரோ,
ஆள் மாறி ஆள் மாறி
பெயர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று
சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது.

கராச்சிக் கிடங்கில்
ஜன்னலைத் திறந்தால் மீன்வாடை,
மூடினால் பாச்சை உருண்டை.
நடுவில் முன்ஷி ஹாசாராம்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவன்.

சூராப் மலையிலிருந்து வந்தான் லஷ்கரான்.
மணிக்கட்டில் ஆட்டுக்கயிறு
இன்னும் அவிழ்க்காமல் கிடந்தது.
'இனம்?'
'பிராஹுயி.'
அச்சடித்த தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
'பலூச் என்று போடு' என்றார் கேப்டன்
சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல்.
போட்டேன்.
ஓடிப்போன இருவரில் ஒருவனுக்கு ஈடாயிற்று.

பச்சைச் சட்டை, சிவப்புக் காற்சட்டை.
ஏதோ சீமைப் பழத்தின் நிறமாம் அது.
லஷ்கரான் தடவிப் பார்த்து
மாதுளை என்றான்.
விவாதம் அதோடு முடிந்தது.

அணிவகுப்பில் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும்.
அஸி, இரா, முஸி என்று
முன்னே நின்றவர்களைத் தனக்குள் எண்ணிவிட்டு
நான்காவதாய் நின்றவன்
வாய் திறக்காமல் நின்றான்.
ஹவில்தார் அறைந்தார்.
மாலையில் என்னிடம் வந்து சொன்னான்:
எங்கள் பேச்சில் சொந்த எண் மூன்றுதான், முன்ஷி.
நாலாவது ஆடு ஈனுவதற்குள்
யாரோ வந்துவிட்டார்கள்.
அதற்கு மேல் எல்லாம் இரவல்.

பிறகு கப்பல்.
சிவப்பைக் கழற்றி வாங்கிக் காக்கி கொடுத்து
கியாமாரித் துறையில் ஏற்றிவிட்டோம்.
ஒவ்வொரு காற்சட்டைக்கும் ஒரு சீட்டு,
சீட்டில் பெயர்,
திரும்பியதும் தருவதாகப் பேச்சு.

ஃப்ளாண்டர்ஸ்.
எனக்கு அது எழுத்துக்கூட்டச் சிரமமான சொல், அவ்வளவுதான்.
ஒரு கை போய்த் திரும்பிய ஸர்குன்தான் சொன்னான்,
அங்கே மண் மண்ணாக இல்லை,
பிசைந்துவைத்த மாவு என்று.
காலை எடுத்தால் பூட்ஸ் வராது என்று.
குண்டு விழ விழ
பக்கத்தில் லஷ்கரான் எண்ணிக்கொண்டே இருந்தானாம்.
அஸி, இரா, முஸி.
மறுபடி அஸி.
எத்தனை விழுந்தது என்று விடிந்ததும் அதிகாரி கேட்டதற்கு
மூன்று என்றானாம்.

அடுத்த இரவின் கணக்கு
தந்தியில் வந்தது.
காணவில்லை.

அதே குளிர்காலம் ரங்கூனில்
எங்கள் பங்காளிப் பட்டாளம் ஒன்று
கப்பலேற மாட்டோம்,
கலீஃபாவின் ஆட்களைச் சுட மாட்டோம் என்றது.
அந்தத் தாள்களைத் தனியே கட்டி
அலமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன். தூசுகூடத் தட்டியதில்லை.

இரண்டு வருடம் கழித்து
லஷ்கரானின் தகப்பன் மலையிறங்கி வந்தார்.
பென்ஷன் தாளைப் படித்துக்காட்டினேன்.
பலூச் என்ற இடத்தில்
இல்லை இல்லை என்று தலையாட்டினார், வெகுநேரம்.
திருத்தினால் ஆள் வேறாகிவிடும்,
ஆள் வேறானால் பணம் நின்றுவிடும்.
துபாஷி இதைச் சொல்லி முடிப்பதற்குள்
என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி
'நீ' என்றார்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
துபாஷி தேவைப்படவில்லை.

கட்டைவிரலை வைத்தார்.
மையைத் தாடியில் துடைத்துக்கொண்டு
காற்சட்டையைக் கேட்டார்.
சர்க்கார் சொத்து, தரக்கூடாது.
சீட்டைக் கிழித்துவிட்டு
பழைய கோணியில் சுற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை
எலி தின்றவை என்ற பக்கத்தில்
மூன்று என்று எழுதினேன்.
மற்ற இரண்டையும்
எலிதான் தின்றிருந்தது,
சத்தியமாக.